ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடியட்டும்

ஆட்டம் உள்ள நாட்களில் எங்கள் வீட்டு வாசற்படியில் ஓர் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடக்கும். புது லாரியைத் தெருவில் இறக்குமுன் சக்கரத்துக்கு அடியில் பழம் வைப்பார்களே, அதே சடங்குதான். லாரிக்குச் சக்கரம், என் அண்ணனுக்கு இடது கால். அவன் ஒரு காலில் மட்டும் பூட்ஸை மாட்டிக்கொண்டு, கூச்சத்தோடு படியில் நின்று, பழத்தை ஒரே அழுத்தாக அழுத்துவான். சுற்றி நிற்பவர்கள் அம்மன் பேரைச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அவன் ஜெயித்துத் திரும்பும்வரை அதைப் பெருக்கக் கூடாது என்று மேஸ்திரியின் உத்தரவு. எறும்பு மொய்க்கும், ஈ மொய்க்கும். மறுநாள் காலை விளக்குமாற்றை எடுத்துத் தள்ளுவது நான்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் கள்ளிக்குப்பத்தில் இருந்தோம். அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். வேலைக்கு எடுத்ததே கால்பந்தாட்டத்துக்காகத்தான். காலையில் லேத்து, மாலையில் மைதானம். கம்பெனி டீமில் அவன் லெஃப்ட் அவுட், அதாவது இடது ஓரமாகப் பந்தைக் கொண்டுபோகிறவன். மேஸ்திரி அதே கம்பெனியில் வார்ப்படப் பிரிவில் இருந்தார். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். நெற்றி நிறையக் குங்குமம், தொண்டை நிறைய சத்தம். அண்ணனுக்கு அப்பா இல்லாத குறையைத் தான் தீர்த்து வைத்ததாக அவருக்கு ஒரு நினைப்பு உண்டு. யாரும் அவரைக் கேட்கவில்லை.

எங்கள் வீட்டுச் சன்னலுக்கு எதிரே சாக்கடைக்கு மேல் ஒரு கல்வெர்ட்டு இருந்தது. சாயங்காலம் ஷிஃப்டு விட்டதும் மேஸ்திரி தலைமையில் அதன் மேல் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். டீக்கடைப் பையன் கிளாசுகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவான். பேச்சு எப்போதும் ஆவடி டீமில் ஆரம்பிக்கும். அவர்கள் கோல் காக்க இறக்கியிருக்கும் புது கோலியின் கை எவ்வளவு நீளம், வில்லிவாக்கத்துப் பையனை அவர்கள் என்ன ஆசை காட்டி இழுத்துப் போனார்கள், போன ஆட்டத்தில் ரெஃபரிக்குக் கண் தெரிந்ததா இல்லையா. அங்கிருந்து ஒரே தாவலில் இந்திய டீமுக்குப் போய்விடுவார்கள். உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்று வந்துவிட்டால் போதும், கல்வெர்ட்டு சட்டசபை ஆகிவிடும். யாரை நடுவில் போடலாம், யாரை வெளியே உட்கார வைக்கலாம் என்று இவர்கள்தான் முடிவு செய்வார்கள். நம் நாட்டுக்கு இடது பக்கம் ஆளே இல்லை, அதனால்தான் வெளியூர் போனால் உதை வாங்கிக்கொண்டு வருகிறோம் என்பது மேஸ்திரியின் தீர்ப்பு. சொல்லிவிட்டு எங்கள் சன்னலைப் பார்ப்பார். உள்ளே அண்ணன் கேட்கிறானா என்று பார்ப்பார்.

நான் அவன் ஆட்டத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. மைதானத்துக்குப் பெண்பிள்ளைகள் போகும் வழக்கம் எங்கள் தெருவில் இல்லை. ஒருதரம் ஆசைப்பட்டுக் கேட்டேன். ஆட்டம் பார்க்கத் தெரு ஆட்கள் ஏறிப்போகிற டெம்போவில் இடமில்லை என்றார் மேஸ்திரி. ஆடு மாடு ஏறினால்கூட அந்த டெம்போவில் இடம் இருக்கும். ஆக, என் அண்ணன் எப்படி ஆடுவான் என்பது எனக்குக் காதால் கேட்டதுதான். அவன் பந்தை எடுத்தால் எதிரி டிஃபென்ஸ்காரன் வேட்டி அவிழ்ந்தவன் போல் நிற்பான் என்பார்கள். சோறு பிசைந்தபடி உள்ளே கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கும் பெருமைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் அந்தத் தந்தி வந்தது. அதற்கு முந்தைய சீசனில் அண்ணன் மாநில அணிக்கு ஆடியிருந்தான், யாரோ கவனித்திருக்கிறார்கள். தகுதிச் சுற்றுக்கு இந்திய டீமைத் தேர்ந்தெடுக்கக் கல்கத்தாவில் முகாம் நடக்கிறது, சனிக்கிழமைக்குள் வந்து சேரவும் என்று கம்பெனிக்குத் தந்தி. அண்ணன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, அம்மாவிடம் சொல்லத் தெரியாமல் அடுப்பங்கரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அம்மாவுக்குக் கல்கத்தாவும் தெரியாது, தகுதிச் சுற்றும் தெரியாது. பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு அழுதாள். அன்று மாலையே பருப்புப் பொடி இடித்தோம். மறுநாள் ரயில் ஏறினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். அதற்குக் கம்பெனி அவனை விடுவித்து உத்தரவு தர வேண்டும். தந்துவிடுவார்கள், இதைவிடப் பெருமை ஒரு கம்பெனிக்கு என்ன வேண்டும் என்று நான் நினைத்தேன்.

தெருவே திரண்டு வந்தது. மாலை, பட்டாசு, கலர் சோடா. மேஸ்திரி அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அழுது முடித்து முகத்தைத் துடைத்த கையோடு அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆவடியோடு ஆட்டம். அதில் ஜெயித்தால்தான் கம்பெனி டீம் முதல் டிவிஷனுக்கு ஏறும். கல்வெர்ட்டில் கூட்டம் கூடியது. சன்னலுக்கு இந்தப் பக்கம் பொடியை டப்பாவில் அடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டேன். இந்திய டீமுக்கு ஆளே இல்லை என்று வருஷக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்கள், ஆள் கிடைத்ததும் என்ன சொன்னார்கள் தெரியுமா? இந்தியா எப்படியும் தோற்கும், நாம் ஜெயிக்கலாமே என்றார்கள்.

முடித்து வைத்தது மேஸ்திரிதான். "கேம்ப்னா மாசக் கணக்குல நடக்கும், நைனா. கல்யாணத்துக்கு மூணாம் பந்தியில போனா சோறு இல்லேன்னுவானா? ஞாயித்துக்கெழம ஆட்டம் முடியட்டும். நாங்களே தோள் மேல தூக்கினு போயி ரயில் ஏத்தறோம்." பந்தி விசாரிக்கிற கல்யாண வீடு என்றே அவர் அந்த முகாமை நினைத்துக்கொண்டார். லேட்டாக வந்தாலும் கையைப் பிடித்து உட்கார வைத்து இலை போடுவார்கள் என்று. எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் அப்படித் தோன்றும். மறுநாள் காலை பத்து இருபது பேர் மேனேஜரைப் போய்ப் பார்த்தார்கள். அந்த மனிதருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. உத்தரவைத் திங்கட்கிழமைத் தேதி போட்டுக் கொடுத்தார்.

நான் அண்ணனோடு சண்டை போட்டேன். உத்தரவு இல்லாவிட்டால் போகிறது, லீவு போட்டுவிட்டு ஓடு, வேலை போனால் என் தையல் வேலைச் சம்பளத்தில் கஞ்சி குடிக்கலாம் என்றேன். கோபித்துக்கொள்ளவில்லை அவன். "இத்தினி பேரு சொல்றாங்க பாப்பா, எப்டி முடியாதுன்றது?" என்று மட்டும் கேட்டான். இடது காலால் ஊரையே ஏய்க்கிறவனுக்கு, முடியாது என்ற ஒரு சொல் வாயில் வரவில்லை. எனக்கு இன்றைக்கும் அவன் மேல் இருக்கிற வருத்தம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஒரே ஒரு கோல் விழுந்தது. அண்ணன் போட்டது. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, மத்தியக் கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து பந்தை எடுத்து, ஓரமாகவே போய், இரண்டு பேரைத் தாண்டி, கோலி வெளியே வருவதைப் பார்த்துத் தலைக்கு மேல் தட்டிவிட்டானாம். 'தட்டிவிட்டானாம்' என்றுதான் நான் எழுத முடியும். சொன்னபடி தோளில் தூக்கிக்கொண்டு போய் சென்ட்ரலில் ரயில் ஏற்றினார்கள். மேஸ்திரி ரயில் பெட்டிக்கு முன்னால் தேங்காய் உடைத்ததாகவும், ரயில்வே போலீஸ் விரட்டியதாகவும் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள்.

அவன் போய்ச் சேர்ந்தபோது முகாமில் ஆட்களைச் சேர்த்து முடித்துவிட்டார்கள். இவன் இடத்துக்கு வேறொரு பையன் வந்து, பயிற்சியும் தொடங்கியிருந்தது. அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லையாம், டீ கூடக் கொடுத்தார்களாம். சொன்ன நாளில் வராதவனை எப்படியப்பா சேர்ப்பது என்று கேட்டிருக்கிறார்கள். ஆவடியோடு ஆட்டம் இருந்தது என்று சொன்னானாம். ஆவடி எங்கே இருக்கிறது என்று கேட்டார்களாம். பருப்புப் பொடி டப்பா பிரிக்காமல் திரும்பி வந்தது.

இதோடு முடிந்திருந்தால்கூட என் வயிறு இவ்வளவு எரிந்திருக்காது. அவன் திரும்பிய ஒரு மாதத்துக்குள் கல்வெர்ட்டில் கதை மாறிவிட்டது. வடக்கத்திக்காரன் மெட்ராஸ்காரனை உள்ளே விடுவானா, கறுப்பாக இருப்பவனைக் கண்டாலே அவனுக்கு ஆகாது, நம்ம பையனை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று மேஸ்திரி சொல்ல, மற்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். உத்தரவைத் தள்ளிப் போட வைத்தது ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. இந்தியா தோற்று வெளியேறியதும், நம்மாளு இருந்திருந்தா கதையே வேற என்று ஒரு பெருமூச்சு. சோற்றுக்குள் முழுப் பூசணிக்காயை மறைப்பார்கள் என்பார்கள். இவர்கள் ஒரு மனிதனையே மறைத்தார்கள். மறைத்துக்கொண்டிருக்கும்போது அந்த மனிதனும் அவர்கள் நடுவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

முதல் டிவிஷனில் கம்பெனி டீம் ஒரு வருஷம்தான் தாங்கியது. பிறகு டீமைக் கலைத்தார்கள், தொண்ணூறுகளில் கம்பெனியையே மூடினார்கள். அண்ணன் முகப்பேரில் ஒரு அடுக்கு மாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் ஆனான். கேட்டைத் திறக்க அவன் எழுந்து போகிறபோது இடது கால் லேசாக இழுக்கும். அந்தக் கால் எதற்கு அழைக்கப்பட்ட கால் என்று காரில் போகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? எனக்குக் கல்யாணமாகி நான் காட்டுப்பாக்கம் போய்விட்டேன். ஆனாலும் ஒவ்வொரு தகுதிச் சுற்று வரும்போதும், வாரத்தில் ஒருநாள் அண்ணன் சைக்கிளை மிதித்துக்கொண்டு கள்ளிக்குப்பத்துக்குப் போய் அதே கல்வெர்ட்டில் உட்காருவது எனக்குத் தெரியும். மேஸ்திரி அந்தக் கோலை மறுபடி சொல்வார். எந்தப் பக்கம் சாய்ந்தான், எந்தப் பக்கம் திரும்பினான், எல்லாம் எழுந்து நின்று செய்தே காட்டுவார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கேட்பான்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். உன் வாழ்க்கையில் மண்ணைப் போட்டவர்களோடு உனக்கு என்ன சகவாசம், வெட்கமாக இல்லையா என்று. "அவுங்களும் இல்லேன்னா, நான் ஆடனத பாத்தவங்கன்னு வேற யாரு கீறாங்க பாப்பா?" என்றான். பார்க்காதவர்களில் நானும் ஒருத்தி.

தொண்ணூறுகள் முடிகிற சமயம், நாற்பதைத் தாண்டிய கொஞ்ச நாளில், மாரடைப்பில் அவன் போய்விட்டான். இப்போது என் பேரன் டிவியில் இந்தியாவின் தகுதிச் சுற்று ஆட்டம் போட்டால் நான் அந்த அறையில் இருப்பதில்லை. லெஃப்ட் விங்கில் ஆடுகிற பையன் பந்தை எடுத்தால் அதைப் பத்து காமிராக்கள் பத்துத் திசையிலிருந்து காட்டுகின்றன. எடுத்ததை மெதுவாக ஒருதரம், வேகமாக ஒருதரம். என் அண்ணன் ஆட்டத்தில் ஒரு அடிகூட எங்கும் பதிவாகி இல்லை. ஆட்களின் நினைவில் இருந்ததுதான்.

அண்ணனின் கருமாதிக்கு மேஸ்திரி வந்திருந்தார். தள்ளாத வயது, கண் கலங்கியிருந்தது. பந்தலில் உட்கார்ந்து, வந்தவர்களிடம் வடக்கத்திக்காரன் செய்த துரோகத்தை ஆரம்பித்தார். பதினைந்து வருஷம் அடக்கி வைத்திருந்தது எனக்குப் பொங்கிவிட்டது.

"வடக்கத்திக்காரன் ஒண்ணும் பண்ணல மேஸ்திரி. ஞாயித்துக்கெழம ஆட்டம் முடியட்டும்னு நிறுத்தி வெச்சது நீங்க. என் அண்ணன் வாழ்க்கைய அந்த ஒரு கோலுக்குத் தின்னுட்டீங்க."

மேஸ்திரி மறுக்கவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். வெளியே போகச் சொல்லத்தான் நான் எழுந்தேன். ஆனால் அந்தக் கோலை ஆடிக் காட்டிச் சொல்ல இந்த ஆளை விட்டால் எனக்கு நாதி இல்லை என்பது அந்த நிமிஷத்தில் உறைத்தது. அண்ணன் கேட்டது போல நானும் கேட்டாக வேண்டும். போகும்போது அதையாவது என்னிடம் நேராகச் சொல்லிவிட்டுப் போங்கள், அவன் எப்படிப் போட்டான் என்று கேட்டேன்.

அவர் எழுந்து நிற்கவில்லை, சாய்ந்து காட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் பாக்கலம்மா. அவன் காலுக்கு பந்து வந்தா நான் கண்ண மூடிக்குவேன். அம்மன கும்புட்டுகினு இருப்பேன், கோல் வுழணும்னு. சத்தம் கேட்டுத்தான் கண்ண தொறப்பேன். அன்னிக்கும் அப்டித்தான். மத்தவன் சொன்னத வெச்சித்தான் இத்தினி வருசமா ஆடிக் காட்டினேன்."

நல்ல வேளை, அண்ணன் இதைக் கேட்க இல்லை.