முதலில் பிய்யும் தோசை

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திய நான் இப்படி உட்கார்ந்து எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்கள் வீட்டுத் தோசைக்கல்லைப் பற்றி நான் சொல்லாவிட்டால் சொல்வதற்கு வேறு ஆள் இல்லை.

கல் என் அம்மாவுடையது. கனத்த இரும்பு, ஓரத்தில் ஒரு சின்ன மூளி. எனக்கு ஐந்து வயதாகும்போது அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அடுத்த வருஷமே அப்பா தாமல் கிராமத்திலிருந்து சித்தியைக் கட்டிக்கொண்டு வந்தார். சித்தி தன்னோடு கொண்டுவந்த புதுக் கல்லைப் பரண் மேல் போட்டுவிட்டு அம்மாவின் கல்லைத்தான் அடுப்பில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் வெல்லத் தோசை ஊற்றுவாள். அதற்கு ஊறப்போடுவது, ஆட்டுவது ஒன்றும் கிடையாது. கோதுமை மாவில் வடிகட்டிய வெல்லத் தண்ணீரை விட்டுக் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு பிடி தேங்காய்த் துருவலும் இரண்டு ஏலக்காயும் தட்டிப் போட்டால் மாவு தயார். கத்தரிக்காய்க் காம்பை நல்லெண்ணெயில் தொட்டுக் கல்லைத் தடவுவாள். அது அம்மாவுக்குப் பிடித்த தோசை என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். தரையிலிருந்த அடுப்புக்கு முன்னால் இரண்டு மணைப்பலகை போடுவாள். ஒன்றில் அவள் உட்காருவாள். இன்னொன்று காலியாக இருக்கும்.

முதல் தோசை பிய்யும். ஒரு வெள்ளிக்கிழமைகூட அது முழுசாக வந்ததில்லை. வெல்லம் சேர்ந்த மாவு கல்லில் ஒட்டத்தான் செய்யும் என்று இப்போது தெரியும். சித்தி சொன்னது வேறு. "அக்கா ருசி பாக்குது. அதான் பிய்யுது." பிய்ந்ததைச் சுரண்டி எடுத்து, இலைத் துண்டில் அந்தக் காலி மணைக்கு முன்னால் வைப்பாள். அதற்குப் பிறகு ஊற்றுவதெல்லாம் ஓரம் சுருண்டு தானாக எழுந்து வரும். இலையில் இருப்பதைத் தொட எனக்கு அனுமதி இல்லை. சாயங்காலம் அது மாட்டுக்குப் போகும்.

எனக்கு அவள் மேல் கோபம். அம்மா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எட்டு வயதில் ஒரு வெள்ளிக்கிழமை, அவள் எழுந்து கொல்லைப் பக்கம் போன நேரம், அந்தக் காலி மணையில் உட்கார்ந்தேன். மணை சூடாக இருந்தது. அடுப்புச் சூடாக இருக்கலாம். ஆனால் சித்தி அப்போதுதான் எழுந்துபோன மணையைத் தொட்டுப் பார்த்தேன். அது சில்லென்று இருந்தது. பயந்து ஓடியிருக்க வேண்டும். நான் இலையில் இருந்த தோசையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன்.

சித்தி வந்து ஊற்றிய அடுத்த தோசை பிய்ந்தது. அதற்கடுத்ததும் பிய்ந்தது. இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பூனை, என்றேன். அவள் திட்டவில்லை. காலி மணைப் பக்கம் திரும்பி, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"கொழந்ததான்க்கா தின்னுட்சி. உன் கொழந்ததான. கோச்சிக்காத."

அடுத்த அறையில் அப்பாவின் தறிச் சத்தம் நின்றது. "யார்கிட்ட பேசிக்கினு இருக்க?" என்று அப்பா கேட்டார்.

"அக்காகிட்டதான். நீங்க நெய்ங்க."

தறி உடனே ஓடவில்லை. அடுத்த தோசை முழுசாக வந்தது. அதை என் தட்டில் போட்டாள். அந்தப் பூனையைப் பற்றி அவள் சாகும்வரை என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சித்தி போய் இரண்டு வருஷமாகிறது. நான் கல்யாணம் செய்துகொள்ளாமல், அப்பாவோடும் சித்தி பெற்ற தம்பியின் குடும்பத்தோடும் அதே வீட்டில் இருக்கிறேன். அப்பாவுக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. போன மாதம் தம்பி மகளுக்குக் கல்யாணம். புருஷன் இருக்கும்போதே போன பெண்ணை எங்கள் பக்கம் பூவாடைக்காரி என்போம். அவளுக்குப் புடவை வைத்து, பிடித்ததைச் சமைத்துப் படைக்காமல் கல்யாணப் பந்தக்கால் நட மாட்டோம். அப்படிப் பார்த்தால் சித்தியும் பூவாடைக்காரிதான். ஆனால் அப்பாவின் தங்கை, என் அத்தை, அம்மாவுக்கு மட்டும் ஒரே இலை என்று முடிவு செய்துவிட்டாள். மூத்தவள் பக்கத்தில் இளையவளை உட்காரவைத்தால் மூத்தவள் கோபித்துக்கொள்வாளாம்.

தம்பி அடுக்களைக்கு வந்தான். "நீ சொன்னாதான்க்கா அத்த கேக்கும். நீ மூத்தவங்க பொண்ணு. எங்கம்மா வெளியவே நிக்கணுமா?"

சொல்கிறேன் என்றேன். அத்தை முன்னால் போய் நின்றதும் என் வாய் வழக்கம்போல மூடிக்கொண்டது.

படையல் சமையலுக்கு மட்டும் கேஸ் அடுப்பைத் தரையில் இறக்கி வைப்போம். அம்மாவின் கல்லை ஏற்றினேன். எனக்கொரு மணை, பக்கத்தில் காலியாக ஒரு மணை. முதல் தோசை பிய்ந்தது. எடுத்து இலையில் வைத்தேன். இரண்டாவதும் பிய்ந்தது.

"அம்பது வயசாவுது, ஒரு தோச எடுக்கத் தெரில. இதுக்குதான் கல்யாணமே வாணான்னியா?" என்றாள் அத்தை நிலைப்படியிலிருந்து. கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலி மணையின் மேல் கையை வைத்தேன். சூடாக இருந்தது. அது தெரிந்ததுதான். அதற்கும் அப்பால், அடுப்பிலிருந்து தள்ளி, வெறும் சிமெண்டுத் தரை. ஏனோ அங்கேயும் கை வைத்தேன். அந்த இடமும், ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு, சூடாக இருந்தது. ஒரு பலகைகூட இல்லாமல்.

எழுந்துபோய் மூன்றாவது மணையைக் கொண்டுவந்து அங்கே போட்டேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அன்னிக்கி தின்னது பூன இல்ல சித்தி, நான்தான்," என்றேன். அத்தனை பேருக்கு முன்னால் நான் பேசியது அதுதான் முதல் தடவை. குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

கூடத்தின் மறுகோடியில் நாற்காலியில் இருந்த அப்பா தலையைத் தூக்கினார். "யார்கிட்ட பேசிக்கினு இருக்க?"

"ரெண்டு பேர்கிட்டயும்பா."

அவர் தலையாட்டினார். சிரிப்பெல்லாம் நின்றுவிட்டிருந்தது. அத்தை என் முகத்தைப் பார்க்காமல் இன்னொரு இலையை நறுக்கி நீட்டினாள். இரண்டாவது தோசையை அதில் வைத்தேன். மூன்றாவது ஓரம் சுருண்டு தானாக எழுந்து வந்தது.

நீயாகப் பிய்த்தாயா என்று தம்பி பிறகு தனியாகக் கேட்டான். இல்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பந்தக்கால் நட்டார்கள். நான் கல்லைத் துடைத்து, எண்ணெய் தடவி, மூளி கீழே இருக்கும்படி சுவரோரம் சாய்த்து வைத்தேன்.