முள் இருபத்தைந்தில் நின்றது

என் தங்கை டோரதியின் கணவன் தைரியராஜுக்குக் கண் மங்கிப்போனது, அதனால்தான் காரை விற்றுவிட்டு அரிசி மண்டியில் காவலுக்குப் போனான் என்று திருச்சி பாலக்கரையில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் புளுகு. சாகிற வரைக்கும் அவன் கண்ணாடி போடாமல் ஜெபப் புத்தகம் வாசித்தவன். ஊருக்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டும், கண் என்று வைத்துக்கொண்டது. கூடவே இருந்து பார்த்தவன் நான். நான் கணக்கு வாத்தியார், கதை கட்டத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

தைரியராஜ் ஜங்ஷன் வாசலில் வாடகைக்குக் கார் ஓட்டினான். முப்பத்தாறாம் வருஷத்து வண்டி, கறுப்பு. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு டாக்டரிடமிருந்து வாங்கியது. அந்த வண்டியை அவன் ஓட்டுகிற அழகைப் பார்த்துச் சிரிக்காத ஆள் கிடையாது. ஊருக்குள் இருபத்தைந்து மைல் வேகம்தான். வேகம் காட்டுகிற முள் இருபத்தைந்தைத் தொட்டால் அவன் கால் தானாக மேலே வந்துவிடும். ரோட்டைப் பார்ப்பான், முள்ளைப் பார்ப்பான், மறுபடி ரோட்டைப் பார்ப்பான். "என் மூஞ்சிய இந்த மனுசன் இவ்வளவு தடவ பாத்ததில்லண்ணே" என்பாள் டோரதி. "மாப்பிள்ளை, நான் இறங்கி நடக்கிறேன், நீங்க நிதானமா வந்து சேருங்க" என்று நானும் கிண்டல் செய்திருக்கிறேன். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். பிரசவத்துக்குப் போகிற பெண்களும் வயசானவர்களும் அவன் வண்டியைத்தான் தேடி வந்தார்கள். அது அவனுக்குப் பெருமை.

அப்படித் தேடி வந்தவர்களில் ஒருவர் ஸ்ரீரங்கம் உத்தர வீதி திருவேங்கடாச்சாரியார். ரிடையரான தாசில்தார். தஞ்சாவூர்ப் பக்கம் நிலம் இருந்ததால் மாதம் ஒரு தடவை போய்வருவார். வேகம் என்றால் அவருக்கு நடுக்கம். முன் சீட்டில் உட்கார்ந்து போகும்போதும் வரும்போதும் அவரும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஐம்பத்தேழாம் வருஷம் இரண்டு பேரும் தஞ்சாவூரிலிருந்து திரும்பி வரும்போது, காட்டூரில் ஒரு பதினோரு வயசுப் பெண் தன் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். பெண் தப்பித்துக்கொண்டாள். பையன் மேல் வண்டி மோதிவிட்டது. தைரியராஜே பையனை அள்ளிப் பின் சீட்டில் அந்தப் பெண்ணின் மடியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். போகிற வழியிலேயே பையனின் உயிர் போய்விட்டது. அவன் பெயர் அம்மாசி. பெண் பொன்னுத்தாய். அப்பன் இல்லாத பிள்ளைகள். அம்மா சந்திரம்மாள் வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள்.

வேகமாக ஓட்டி ஆளைக் கொன்றதாக வழக்கு நடந்தது. வண்டியைச் சோதித்தவர்கள் பிரேக், ஹாரன் எல்லாம் சரி என்று எழுதியிருந்தார்கள். தைரியராஜ் கூண்டில் ஏறி, முள் இருபத்தைந்தைத் தாண்டவில்லை என்றான். அடுத்து ஆச்சாரியார் ஏறினார்.

"அடியேன் கண்ணால பார்த்ததைச் சொல்றேன். முள்ளு இருபத்தஞ்சிலேதான் நின்னது. ஒரு நூல் அசங்கலை. ரங்கநாதன் சாட்சி" என்றார். அந்த மனிதர் பொய் சொல்லக்கூடியவர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது, நீதிபதி உட்பட.

பொன்னுத்தாயையும் கேட்டார்கள். "காரு ரொம்பத் தூரத்துல வந்துச்சுங்க. தாண்டிரலாம்னுதான் தம்பியக் கூட்டிக்கிட்டு ஓடினேன். அதுக்குள்ள வேகமா வந்துருச்சுங்க" என்றாள். எங்கள் வக்கீல் எழுந்தார். இருபத்தைந்தில் வருகிற கார் அதற்குள் எப்படி வரும், நீ விளையாட்டுப் புத்தியில் பையன் கையை நடு ரோட்டில் விட்டுவிட்டாய், அதுதானே என்றார். "இல்லீங்க, கைய விடலீங்க. காருதான் வேகமா வந்துச்சு." திருப்பித் திருப்பிக் கேட்டார். அவளும் அதையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னாள். இவ்வளவு சின்ன வயதில் இவ்வளவு அழுத்தமாகப் பொய் சொல்கிறதே இந்தப் பெண் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

தைரியராஜுக்கு விடுதலை கிடைத்தது. கோர்ட்டு வாசலில் டோரதி அழுதுகொண்டே மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். பத்தடி தள்ளி சந்திரம்மாள் மகளின் தலைமயிரைப் பிடித்து அறைந்துகொண்டிருந்தாள். "தம்பியக் கொன்னுட்டுப் பொய் வேற சொல்றியாடி, பாவி." நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பார்த்துவிட்டுக் காரில் ஏறினோம்.

அதற்குப் பிறகு தைரியராஜ் கலகலப்பாகப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் வண்டி ஓட்டுவதை விடவில்லை. "நான் ஒழுங்காத்தான் மச்சான் வந்தேன்" என்று, யாரும் கேட்காதபோதும், அவ்வப்போது சொல்வான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவன் ஐந்து வருஷத்தை ஓட்டினான்.

அறுபத்திரண்டில் ரோட்டோரத்து மைல் கற்களை எடுத்துவிட்டுக் கிலோமீட்டர் கற்கள் நடப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. ஆச்சாரியார் அதற்கு முந்தின வருஷமே பரமபதம் போய்விட்டார். தைரியராஜுக்குப் புதுக் கவலை பிடித்துக்கொண்டது. முள் காட்டுவது மைல். இனிமேல் எல்லாம் கிலோமீட்டர். எவ்வளவுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு ஒரு காகிதத்தில் கோடு கிழித்து முள்ளுக்கு அடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். "கல்லப் பிடுங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ முள்ளையும் சரி பாத்துருவோம் மச்சான். நீங்க கடிகாரத்தக் கொண்டாங்க" என்றான். எனக்கும் லீவு நாள். சும்மா இருப்பதற்குப் போகலாமே என்று கிளம்பினேன்.

துவாக்குடி தாண்டினால் அப்போது பொட்டல்தான். ரோடு நேராகக் கிடக்கும். வண்டி முப்பதில் போனால் ஒரு மைலுக்குச் சரியாக இரண்டு நிமிஷம் பிடிக்க வேண்டும். சின்னப் பிள்ளைக் கணக்கு. அவன் முள்ளை முப்பதில் ஆணி அடித்த மாதிரி நிறுத்தினான். நான் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றரை நிமிஷம்தான் ஆனது.

"உங்க கடிகாரம் ஓட்டமா ஓடுது போலருக்கே மச்சான்" என்று சிரித்தான். அடுத்த மைலும் ஒன்றரை நிமிஷம். வண்டியைத் திருப்பி வந்த வழியே ஓட்டினோம். அப்போதும் அதேதான்.

"அப்படின்னா முள்ளு முப்பது காட்டும்போது நாம நாப்பதுல போறோம் மாப்பிள்ளை! நீங்க பெரிய வேகக்காரர்தான் போங்க. இது தெரியாம நான் இறங்கி நடக்கிறேன்னு கிண்டல் பண்ணிட்டேனே" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனபின், "அப்ப முள்ளு இருபத்தஞ்சுன்னா?" என்று கேட்டான்.

விடை தெரிந்த கணக்கை வாயில் வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. வாத்தியார் புத்தி. "முப்பத்து மூணுக்குக் கொஞ்சம் மேல" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அவன் எதற்குக் கேட்டான் என்று புரிந்தது. அவன் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

மறுநாள் பக்கத்து வீட்டு நர்ஸ் பேட்ரிசியாவின் கடிகாரத்தை இரவல் வாங்கிக்கொண்டு மறுபடி போனான். என் கடிகாரம் தப்பாக இருக்க வேண்டும் என்று அவனுக்கு அவ்வளவு ஆசை. பிறகு கல் தப்பாக நட்டிருப்பார்கள் என்று புதுக்கோட்டை ரோட்டுக்குப் போனான். எங்கே போனாலும் முப்பது நாற்பதாகவே இருந்தது. கடைசியில் வண்டியை எப்போதும் பழுது பார்க்கிற நல்லுசாமியிடம் போய் நின்றோம்.

நல்லுசாமி யோசிக்கவே இல்லை. "அதாண்ணே, அம்பத்தாறுல உங்க பின் அச்சுப் பல்சக்கரம் உடஞ்சு போச்சே. இந்த மாடலுக்குச் சாமான் கெடைக்காம, பழைய இரும்புக் கடையில இருந்த வேறொரு பெரிய வண்டியோட பல்சக்கரத்த எடுத்து மாட்டினோமே. எஞ்சின் சத்தமே இல்லாம வெண்ணெயா ஓடுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதுக்கும் முள்ளுக்கும் என்னப்பா?"

"முள்ளுக்குப் போற ஒயரு முன்னாடி கியர் பெட்டியிலருந்து போவுது. பின்னாடி சக்கரம் கூடுதலாச் சுத்துறது அதுக்கு எப்படித் தெரியும்? கம்மியாத்தான் காட்டும்."

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"முள்ளப் பாத்து யாருண்ணே வண்டி ஓட்டுறா?" என்றான் நல்லுசாமி. அவன் மேல் தப்புச் சொல்ல முடியாது. திருச்சியில் முள்ளைப் பார்த்து ஓட்டிய ஒரே டிரைவர் என் மாப்பிள்ளைதான். மற்றவர்கள் மாதிரி கண்ணையும் காதையும் நம்பி ஓட்டியிருந்தால் அன்றைக்குக் காட்டூரில் மெதுவாக வந்திருப்பானோ என்னவோ. இதை நான் அவனிடம் சொன்னதில்லை. அவன் என்னிடம் சொன்னான்.

மாதா கோவிலில் சாமியாரிடம் மண்டியிட்டுப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தான். தெரியாமல் நடந்தது பாவமாகாது என்று அவர் சொல்லி அனுப்பினார். நானும் என் பங்குக்குக் கத்தினேன். "வழக்கு முடிஞ்சு போச்சு. செத்தவன் வரப் போறதில்லை. இப்பப் போய் அந்த அம்மாகிட்டச் சொல்லி ஆறின புண்ணைக் கீறுவானேன்? உங்களுக்குப் பைத்தியமா?"

"அந்தப் புள்ள பொய் சொல்லல மச்சான்" என்றான். "அது மட்டுந்தான் சரியாச் சொல்லிச்சு. நாங்க ரெண்டு பெரிய மனுசங்க முள்ளக் காட்டி அதப் பொய்யாக்கிட்டோம். அத யாரு போய்ச் சொல்றது?"

"போய்ச் சொல்லுங்க" என்றாள் டோரதி.

காட்டூருக்கு பஸ்ஸில் போனோம். அந்தக் காரை அவன் அதற்குள் சாக்கைப் போட்டு மூடிவிட்டான். சந்திரம்மாளுக்கு எங்களை உடனே அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொல்லவில்லை. தைரியராஜ் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். பல்சக்கரம், ஒயர் எல்லாம் அவளுக்குப் புரிந்ததா தெரியாது. "ஒங்க மக சொன்னது நெசம்மா. நான் வேகமாத்தான் வந்திருக்கேன்" என்றது புரிந்தது.

அவள் எங்களைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அய்யா, அவள நான் அடிக்காத நாளில்லீங்களே. சோறு போடுறப்பெல்லாம் சொல்லிக் காட்டுவேனே. மூஞ்சியப் பாக்கப் புடிக்காமத்தானே போன வருசம் மருங்காபுரியில ரெண்டாந்தாரமாத் தள்ளிவிட்டேன். கொழந்த பொறந்துச்சுன்னு சொல்லிவிட்டாங்க, அதுக்குக்கூடப் போகல" என்றாள். பிறகு எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, "வாங்க, அவகிட்டச் சொல்லுங்க. நீங்களே உங்க வாயால சொல்லுங்க" என்றாள்.

மூன்று பேரும் மணப்பாறை வழியாக மருங்காபுரி போய்ச் சேர்ந்தோம். வானம் பார்த்த காடு. கொல்லையில் கடலைச் செடி காய்ந்துகொண்டிருந்தது. பொன்னுத்தாய் கைக்குழந்தையோடு வந்தாள். பதினாறு வயசு. முகம் முப்பது வயசுக்காரியுடையது. அம்மாவைப் பார்த்ததும் பயந்து ஒரு அடி பின்னால் போனாள்.

தைரியராஜ் கையைக் கூப்பினான். "அம்மாடி, அன்னிக்கு நீ சொன்னதுதான் சரி. முள்ளு தப்பாக் காட்டியிருக்கு. காரு வேகமாத்தான் வந்திருக்கு. உன் மேல ஒரு தப்பும் இல்ல. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "இல்லீங்கய்யா" என்றாள். "காரு மெதுவாத்தான் வந்துச்சு. நாந்தான் தம்பி கைய விட்டுட்டேன்."

"இல்லம்மா, நீ விடல. கோர்ட்டுல நீயே சொன்னியே?"

"அப்ப சின்னப் புள்ளைங்க. அடிக்குப் பயந்து பொய் சொன்னேன். எனக்குத்தான் நல்லா ஞாபகம் இருக்கே. காரு அங்கேயே மெதுவா வந்துக்கிட்டிருக்கு, நான் கைய விடுறேன். தெனம் கண்ணுக்குள்ள வருதுங்க. நீங்க நல்லவங்க, எனக்காகச் சொல்றீங்க. மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க."

தைரியராஜ் சத்தியம் செய்தான். நானும் கணக்கைச் சொன்னேன், ஒரு மைல், ஒன்றரை நிமிஷம் என்று. அவள் மரியாதையாகத் தலையாட்டினாள். அதிகாரிகள் ஏதோ சொன்னால் ஏழைகள் தலையாட்டுவார்களே, அந்த ஆட்டல்தான். பிறகு உள்ளே போய் எங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவனால் குடிக்க முடியவில்லை.

சந்திரம்மாள் எங்களோடு திரும்பி வரவில்லை. நாங்கள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மகளின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "நீ கைய விடலடி, என் தாயே, நீ விடலடி" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். பொன்னுத்தாய் குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, "சரிம்மா, சரிம்மா, அழாத" என்று தாயைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.