பெஞ்சைவிட்டு எழாதவர்

விவேக் நகரில் ஒரு நாய், பூனை கிளினிக்கில்தான் அந்த ஆட்டோக்காரரைப் பார்த்தேன். காக்கிச் சட்டை, மூன்று நாள் தாடி. அவருடைய நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டாகிவிட்டது. ஆனாலும் கைக்கடிகாரத்தைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஊசி போட்டாச்சில்ல, எழுந்திரிங்க. ஜனம் நிக்குது" என்று உதவியாளர் அதட்டினார்.

"நிக்கட்டும். அரை மணி ஆவட்டும். போன தபா ஊட்டுக்குப் போறதுக்குள்ள இதுக்கு மூஞ்சி வீங்கிப்போச்சு. எங்கியோ ஒண்ணுக்குத்தான் அப்படி ஆவும்னீங்க. அந்த ஒண்ணு இதுதான்."

என் பூனை வாசல் தாண்டாது. அதற்கு எதற்கு ஊசி என்று டாக்டரிடம் வாதாடத்தான் நான் போயிருந்தேன். என் கட்சிக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று நினைத்து, "அப்புறம் ஏன் மறுபடியும் போட்டீங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னை முறைத்தார். "மூஞ்சி வீங்கினா டாக்டர் கீறாரு, மருந்து கீது. வெறி புடிச்சா இன்னா சார் கீது?"

வாதாடாமல் பூனைக்கு ஊசி போட்டுக்கொண்டு டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தேன். உதவியாளர் வாசலைக் காட்டினார். ஆட்டோக்காரர் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

நானும் கடிகாரத்தைக் கழற்றினேன்.