மிளகுக் கொடியோடு வந்த விருந்தாளி

செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் நான் விலங்கியல் நடத்துகிறேன். காலில்லா இருவாழ்விகளைப் பற்றி வருஷம் தவறாமல் வகுப்பெடுத்தும், ஒன்றைக்கூட உயிரோடு பார்த்ததில்லை. அவை மேற்கு மலைகளின் ஈரமண்ணுக்குள் வாழ்பவை. நானோ அணுபுரத்துக்குப் பக்கத்தில், கடலோரம், ஜன்னல் கம்பியெல்லாம் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் வீட்டில் இருப்பவள்.

போன மழைக்காலத்தில் என் கணவர் வயநாட்டில் நண்பரின் தோட்டத்துக்குப் போய்விட்டு, ஒரு பை மண்ணோடு மிளகுக் கொடி கொண்டுவந்தார். இந்த மணலில் மிளகு வராது என்றேன்.

"நீ மிருகத்துக்குத்தானே டீச்சரு? செடியப் பத்தி நான் பாத்துக்கறேன்" என்று பையைக் கிழித்தார். அடுத்த நொடி முற்றத்தின் மறுமூலையில் நின்றார்.

அவர் போட்ட சத்தத்தில், தையல் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா துடைப்பத்தோடு ஓடிவந்தார்.

"பாம்பு! நவுரு டீச்சர், ஒரே போடு!"

கொட்டிய மண்ணில் ஒரு முழ நீளத்துக்கு ஏதோ நெளிந்தது. ஊதா கலந்த பழுப்பு உடம்பு, பக்கவாட்டில் மஞ்சள் கோடு, மண்புழுவைப் போல வளையங்கள். செதில் தெரியவில்லை, தவளைத் தோல்போல ஈரமாக மின்னியது. நான் வகுப்பில் நடத்தும் அதே காலில்லா இருவாழ்வி! துடைப்பத்துக்கும் அதற்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

"அக்கா, அடிக்காதீங்க! இது தவளைக்குச் சொந்தம்."

"காலே இல்ல, இது இன்னாத்த தவளை?"

கையை நனைத்துக்கொண்டு அதைத் தூக்கினேன். வழுக்கிக்கொண்டே இருந்தது. தோலுக்கடியில் மங்கலாக இரண்டு புள்ளிகள், அவைதான் கண்கள். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவிலிருந்து மயிரிழை போல ஓர் உணர்கொம்பு வெளியே வந்து, என் விரலைத் தொட்டுவிட்டு உள்ளே போனது. படம் போட்டுப் பாகம் குறித்து எத்தனையோ முறை விளக்கியதுதான். ஆனாலும் அது என்னைத் தொட்டபோது, பாடமெல்லாம் மறந்து சிரித்துவிட்டேன்.

வாளியில் மண்ணும் இலைச்சருகும் போட்டு அதை விட்டேன். போர் தண்ணீர் உப்பு. அதன் தோல் தாங்காது. கேன் தண்ணீரைத் தெளித்தேன்.

"நான் குளிக்கறது போர் தண்ணி, அதுக்கு மட்டும் கேன் தண்ணியா?" என்றார் கணவர்.

"நீங்க தோலால மூச்சு விடறதில்லையே."

அக்கா கடையை மறந்து வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கால் எங்கே போயிற்று என்று கேட்டார். மிகப் பழைய காலத்தில் இதன் முன்னோர்களுக்குக் குட்டிக் கால்கள் இருந்தன, பாறையில் அந்த எலும்புகள் கிடைத்திருக்கின்றன, மண்ணுக்குள் வாழ வந்தபிறகு கால் தேவைப்படவில்லை என்றேன்.

"வேல இல்லன்னா காலு போயிடுமா? அப்போ எங்க ஆபீஸ்ல பாதிப் பேரு உருண்டுகினுதான் வரணும்" என்றார் கணவர்.

"அப்படியில்ல. மண்ணுக்குள்ள கால் சின்னதா இருந்ததுங்க சுலபமா நுழைஞ்சு பிழைச்சுதுங்க. தலைமுறை தலைமுறையா அதுங்க வம்சம்தான் நின்னுச்சு."

இந்த வகையில் தாய் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு காவல் காக்கும் என்றும், வேறு சில வகைகளில் குஞ்சுகள் தாயின் மேல்தோலையே சுரண்டித் தின்று வளரும் என்றும் சொன்னேன். அக்கா அசரவில்லை.

"எங்க வூட்ல மட்டும் இன்னா நடக்குது? மூணும் என் தோலத்தான் உரிச்சிகினு கீதுங்க. இதுக்கு ஒரு பாடமா?"

அன்று சாயங்காலமே அவர் தன் தோட்டத்திலிருந்து மண்புழுக்களைக் கொட்டாங்கச்சியில் கொண்டுவந்து கொடுத்தார்.

எனக்கு அதை வைத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் வாளி ஓரமெல்லாம் முட்டி முட்டி வழி தேடியதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. இங்கே தரையில் விட்டால் வெயிலிலும் உப்பிலும் காய்ந்துபோகும். கொண்டுவந்தவரே திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்றேன்.

"லீவு லெட்டர்ல இன்னான்னு எழுதறது?"

"சொந்தக்காரர ஊர்ல கொண்டுபோய் விடணும்னு எழுதுங்க. பொய்யில்ல. ரொம்ப தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான்."

முணுமுணுத்துக்கொண்டே போனார். ஈரப்பாசி நிரப்பிய டப்பாவை ரயிலில் மடியைவிட்டு இறக்கவில்லை என்றும், எதிர் சீட்டுக்காரர் பலகாரம் என்று நினைத்துக் கேட்டார் என்றும் பிறகு சொன்னார்.

மறுநாள் வயநாட்டுத் தோட்டத்திலிருந்து போன் வந்தது. ஓடை ஓரத்தில், சருகுக்கடியில் விட்டுவிட்டாராம்.

"போட்டோ எடுத்தீங்களா?"

"எங்க எடுக்கறது? தலைய வச்சுது, மண்ணு வழி விட்டுது. அவ்ளோதான்." போனில் ஓடைச் சத்தம் கேட்டது. "ஏம்மா, உன்னையும் கூட்டினு வந்திருக்கலாம்" என்றார்.