பக்கத்து வீட்டு நம்பர்

இன்று திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் வரும் பஸ்ஸில் ஒரு அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜன்னலோரம் கண்மூடிச் சாய்ந்திருந்தவர் அவர் கணவர். டயாலிசிஸுக்குப் போகிறார்கள்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார்களாம்.

"போன வருஷம் நடவு நேரத்துல, கிட்னி வந்திருக்கு, உடனே வாங்கன்னு ஆஸ்பத்திரியிலேருந்து கூப்பிட்டிருக்காங்க தம்பி. போனு வரப்புல பைக்குள்ள கெடந்துச்சு. நாங்க கரையேறிப் பாக்குறதுக்குள்ள அடுத்தவங்களுக்குப் போயிடுச்சு."

"வேற நம்பர் கொடுக்கலையாக்கா?"

"பக்கத்து வீட்டு நம்பரையும் கொடுங்கன்னு ஊருக்கு வர்ற நர்ஸம்மா தலைபாடா அடிச்சுக்கிட்டாங்க. நாங்கதான் கொடுக்கல. பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டிருந்தோம். அப்பாவுக்குக் கிட்னி போச்சுன்னு தெரிஞ்சா யாரு வருவா?"

போன மாசம்தான் அக்கா பக்கத்து வீட்டு அம்மாவிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லி நம்பர் கேட்டாராம். அந்த அம்மா, "எனக்கு அப்பவே தெரியும். நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாராம்.

இறங்கும்போது அக்கா கேட்டார்: "அவங்களாவது கேட்டிருக்கலாம்ல தம்பி?"

எங்கள் தெருவிலும் ஒருவர் அடிக்கடி "வெளியூர்ல வேலை" என்று போய், கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரியோடு திரும்புகிறார். நாங்கள் எல்லோரும் ரொம்ப நாகரிகமாக எதையும் கேட்காமல் இருக்கிறோம்.

உங்கள் தெருவில் எப்படி?