வருகிறது அரைப்படி

கும்பகோணத்தில் காலை ஏழரை மணி பஸ்ஸில் ஏறியபோது எனக்குப் பயம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையின் மிச்சப் பகுதி முழுக்க நான் பயந்துகொண்டுதான் இருக்கப் போகிறேன். முந்தின நாள் சாயங்காலம் அந்த ஊரில் என் காட்சிக்கு நல்ல கூட்டம். பஸ் ஸ்டாண்டு எதிரில் இருபது காசுக்கு ஒரு காபி குடித்தேன். ருசி நாக்கில் நின்றதால் இன்னொன்றும் குடித்தேன். திருவாரூர் இருபத்தைந்து மைல். என் தகரப் பெட்டியைக் கூரையில் ஏற்றியதற்குக் கண்டக்டர் தனியாக நாலணா வாங்கிக்கொண்டார்.

பெட்டிக்குள் வேஷத்துக்கு வைத்துக்கொள்ளும் பொய்முடி, பதினோரு டோப்பாக்கள் இருந்தன. அதுதான் ஐம்பத்தேழு வயதில் என் மொத்தக் கம்பெனி. முப்பது வருஷம் நாடகத்தில் சிரிப்பு நடிகனாக இருந்தவன் நான். நாடகங்களும் நானே எழுதினேன், பாட்டும் கட்டினேன். கம்பெனி கலைந்த பிறகு சினிமாவில் கதவு திறந்துவிடும் வேலைக்காரன் வேஷம் கொடுத்தார்கள். கதவு நன்றாகத் திறந்தது, எனக்குத்தான் ஒன்றும் திறக்கவில்லை. அப்புறம் ரேடியோ. அதற்கப்புறம் ஒரு வாரப் பத்திரிகை ஆசிரியர், "ஊர் ஊராகத்தானே சுற்றுகிறீர், போகிற இடத்தைப் பற்றி எழுதும்" என்றார். பகலில் எழுதுவதும் மாலையில் பதினோரு டோப்பாக்களை மாற்றி மாற்றித் தனி ஆளாக ஒரு மணி நேரம் நடிப்பதுமாக என் பிற்காலம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் காட்சியின் பெயர் 'அரைப்படி'. என் பெயரும் ஏறக்குறைய அதுதான். நான் எழுதிய நாடகம் ஒன்றில் கல்யாணப் பந்தியில் உட்காரும் சாப்பாட்டு ராமன் வேடம் எனக்கு. பரிமாறுகிறவர் தாண்டும்போதெல்லாம் இலையிலிருந்து தலையைத் தூக்கி, "இன்னும் அரைப்படி!" என்பேன். அவர் கரண்டியால் என் மண்டையில் ஒன்று வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போவார். அவ்வளவுதான். ஆனால் ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் பிழைத்துக்கிடக்கிறது. என் சம்பந்தியே என்னை அரைப்படி என்றுதான் மற்றவர்களுக்கு அறிமுகம் செய்கிறார்.

திருவாரூரைத் தாண்டியதும் தை மாதக் கடைசியில் பார்க்கக்கூடாத ஒன்றைப் பார்த்தேன். அறுவடையாகியிருக்க வேண்டிய சம்பா அறுபடாமல் நின்றது. கதிர் முற்றித் தலை சாய்ந்து, சில வயல்களில் நெல் கீழே கொட்டத் தொடங்கியிருந்தது. வாய்க்கால் மதகுகளில் செங்கொடி. வயலில் ஒரு ஆள் இல்லை. நாலு பக்கமும் தானியம் விளைந்து கிடக்க, ஒரு மனிதக் குரல்கூடக் கேட்காத இடத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இதை நான் டாக்ஸியிலிருந்து பார்த்தேன். திருவாரூரில் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் பதினெட்டு ரூபாய்க்குப் போகவர அமர்த்திய வண்டி. டிரைவர் கலியபெருமாள், நாற்பது வயது இருக்கும். திருத்துறைப்பூண்டி ரோட்டில் பதினோரு மைல் போய், கிழக்கே மண்சாலையில் திரும்பி மூன்று மைல் போனால் நான் நடிக்க வேண்டிய கீழத்தோப்பூர். அங்கே ராஜகோபால் என்ற மிராசுதார் தன் பெண் கல்யாணத்துக்கு மறுநாள் ஊருக்கெல்லாம் இலவசமாக என் காட்சியை ஏற்பாடு செய்திருந்தார்.

வழியில் பெட்டி ஆடுகிறதென்று கலியபெருமாள் வண்டியை நிறுத்திப் பின்னால் போனார். போனவர் உடனே திரும்பி வந்தார்.

"ஐயா, பெட்டியில என்னங்க எழுதியிருக்கு?"

"அரைப்படி. என் பேருதான்."

"பேருங்களா?" அவர் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பெட்டியில் எழுதியிருந்ததை மூடி முடிச்சுப் போட்டார்.

அப்புறம்தான் சொன்னார். அறுத்த நெல்லில் கலத்துக்கு இத்தனை படி என்று கூலியையும் நெல்லாகவே அளக்கும் பகுதி அது. கலத்துக்கு இன்னும் அரைப்படி சேர்த்துப் போட வேண்டும் என்று ஆட்கள் கேட்டார்கள். முடியாது என்றார்கள் மிராசுதாரர்கள். பதினைந்து நாளாக அரிவாள் வயலில் இறங்கவில்லை. வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து அறுக்கப் பார்த்ததில் பக்கத்து ஊர்களில் அடிதடி, இரண்டு வைக்கோல் போர் எரிந்தது. ரூபாய்க்கு இத்தனை படி அரிசி என்று தேர்தலில் பேசி ஆட்சி மாறியிருந்த நேரம் வேறு. படி என்ற சொல் அங்கே சாதாரணச் சொல்லாக இல்லை.

"அந்த வார்த்தைய இங்க ஒருத்தரு சத்தமா சொன்னா ஒண்ணு மாலை போடுவாங்க, இல்ல மண்டைய உடைப்பாங்க. யாரு எதுன்னு முன்கூட்டியே தெரியாதுங்க."

மடியில் கனமில்லையென்றால் வழியில் பயமில்லை என்பார்கள். என் மடியில் டோப்பா மட்டும்தான் இருந்தது. இருந்தும் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டேன். திரும்பிவிடலாமா என்று கேட்க வாயெடுத்தபோது எதிரே மதகுச் சுவரில் சுவரொட்டி தெரிந்தது. முழ நீள எழுத்தில், 'வருகிறது அரைப்படி! இன்று மாலை 4 மணி. பள்ளிக்கூடத் திடல்.' அதற்குக் கீழே எறும்பு ஊர்வதுபோல் 'நகைச்சுவை விருந்து' என்று ஒரு வரி. கிராமத்தில் நாடகம் என்றால் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் திரை தூக்குவார்கள். இருட்டுவதற்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று நாலு மணி வைத்திருந்தார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மண்சாலையில் ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஆண்கள், பெண்கள், இடுப்பில் குழந்தைகள், எல்லாரும் கீழத்தோப்பூர் பக்கம். கிட்டத்தில் போனதும் பார்த்தேன், அத்தனை பேர் கையிலும் இடுப்பிலும் கருக்கரிவாள். கலியபெருமாள் ஹாரன் அடிக்காமல் அவர்கள் பின்னாலேயே ஊர்ந்தார். நான் ஸீட்டில் சறுக்கி, வெளியே தலை தெரியாத அளவுக்குக் கீழே போனேன்.

ராஜகோபால் வீட்டில் கல்யாணப் பந்தல் பிரிக்காமல் இருந்தது. மாட்டுக் கொட்டகையில் இருபது முப்பது முரட்டு ஆட்கள் தடிகளோடு பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள்; அந்த ஊர் முகங்கள் இல்லை. ராஜகோபாலுக்கு உதடு உலர்ந்திருந்தது. "வாங்க, வாங்க" என்றவர் உட்காருங்கள் என்று சொல்ல மறந்துவிட்டார். அவருடைய காரியஸ்தர் சாமிநாதன் ஓர் ஓரமாகக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"என்னய்யா எழுதிக் குடுத்தே அச்சாபீஸ்ல? அவரு கேக்குறாரு, சொல்லு" என்றார் ராஜகோபால். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"'வருகிறார் அரைப்படி'ன்னுதாங்க எழுதிக் குடுத்தேன்" என்றார் சாமிநாதன், என்னைப் பார்த்து. "எழுத்துக் கோக்கிறவன் படிச்சுப் பாத்துட்டு, 'அரைப்படி அஃறிணையாச்சே, அது எப்படி வருகிறார்? தமிழ் தெரியாதவனா இருப்பான் போல'ன்னு 'வருகிறது'ன்னு திருத்திட்டானாம்."

இலக்கணம் சரிதான். அதனால் வந்த வினை என்னவென்றால், கேட்ட அரைப்படியைக் கொடுக்க மிராசுதார் ஒத்துக்கொண்டார், நாலு மணிக்குத் திடலில் அறிவிக்கப் போகிறார் என்று சுற்றியிருந்த ஆறு ஊர் ஜனமும் நம்பிவிட்டது. சொன்ன கையோடு வயலில் இறங்கலாம் என்று அரிவாளும் எடுத்து வந்திருந்தார்கள். பதினைந்து நாள் பட்டினிக்காரர்கள். வழியெல்லாம் நான் பார்த்து நடுங்கிய அரிவாள்கள் வேலைக்கு வந்தவை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை எத்தனையோ நடித்திருக்கிறேன். குரங்கே நானாக இருந்தது அன்றைக்குத்தான்.

"நான் போய் இல்லேன்னு சொன்னா அந்த நிமிஷமே கலவரம்" என்றார் ராஜகோபால். "நம்ம ஆளுங்களும் சும்மா இருக்க மாட்டானுங்க. நீங்க மேடையேறி சிரிக்க வெச்சுக் கலைச்சு விட்டுடுங்க. உங்களால முடியும்."

"அந்த அரைப்படியை நிஜமாகவே கொடுத்துவிட முடியாதா?" என்று கேட்டேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

"நான் ஒருத்தன் குடுத்தா மத்த மிராசுதாரனெல்லாம் என்னை உயிரோட விடுவானா?" என்றார். அவர் பயமும் நிஜம்தான்.

திடலில் போலீஸ் வேன் நின்றது. அதிகாரி என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். "அரை மணி பாப்பேன் சார். அதுக்குள்ள கலைஞ்சுட்டா நல்லது." அந்தப் பக்கம் வேலியோரமாகத் தடிக்காரர்கள் வந்து நின்றுவிட்டார்கள். நடுவில் குழந்தைகளோடு முந்நூறு நானூறு பேர். நான் ஒரு வார்த்தை தவறிப் பேசினால் எது முதலில் நகரும் என்று யாருக்கும் தெரியாது. கலியபெருமாள் வண்டியை ஊருக்கு வெளியே பார்த்தபடி திருப்பி நிறுத்தியிருந்தார். "இன்ஜினை அணைக்கலைங்க" என்று மட்டும் சொன்னார்.

டோப்பா வைக்காமல், பவுடர் போடாமல் மேடையேறியது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. மேற்கு வெயில் நேரே கண்ணில் அடித்தது. எதிரில் இருந்தவர்கள் என் கையில் காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்கள். காகிதம் இல்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். பதினோரு வேடத்தில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"அந்த நோட்டீசுல போட்டிருக்கிற அரைப்படி நான்தாங்க" என்றேன். "அது என் பேரு. நான் நாடகக்காரன். 'வருகிறார்'னு போடவேண்டியதை 'வருகிறது'ன்னு போட்டுட்டாங்க. கூலி ஒண்ணும் ஏறலைங்க. இவ்வளவு தூரம் நடந்து வந்துட்டீங்க. என்னை மன்னிச்சுடுங்க."

ஒரு குழந்தை மட்டும் அழுதது. அப்புறம் பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்பு கிளம்பி முன்னால் வந்தது. வேலியோரத் தடிகள் நிமிர்ந்தன. அதிகாரி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். செத்தோம் என்றுதான் நினைத்தேன்.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அஞ்சலை என்று பக்கத்தில் யாரோ கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள், அவள் உட்காரவில்லை. முப்பது வயது இருக்கும், அரிவாளை முந்தானையில் சுற்றி வைத்திருந்தாள்.

"ஏங்க, நாடகக்காரரே, அது எப்படி உங்களுக்குப் பேராச்சு?"

சொன்னேன். நானே எழுதிய நாடகம், பந்தி, இலை, சாப்பாட்டு ராமன். ஒவ்வொரு தடவையும் இன்னும் அரைப்படி என்று கேட்பேன் என்றேன்.

"போட்டாங்களா?"

"என்னம்மா?"

"கேட்டீங்களே, அரைப்படி. அந்த நாடகத்துல போட்டாங்களா?"

"இல்லம்மா. கடைசி வரைக்கும் போடலை. கரண்டியால அடிப்பாங்க. அதான்... அதுக்குத்தான் சிரிப்பாங்க."

அவள் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. "வாங்க போவலாம்" என்றாள், என்னிடம் இல்லை, அவர்களிடம். முதலில் பெண்கள் எழுந்தார்கள், பிறகு மற்றவர்கள். ஒருவரும் கல் எடுக்கவில்லை, கத்தவில்லை. அரிவாள்களைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டு வந்த வழியே நடந்தார்கள். அறுபடாத வயல்களுக்கு நடுவே அந்த வரிசை போய்க்கொண்டே இருந்தது. கோபப்பட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

ராஜகோபால் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பிரமாதமாகச் சமாளித்துவிட்டீர்கள் என்றார். இலை போடச் சொன்னார். நான் உட்காரவில்லை. மறுநாள் வேதாரண்யத்தில் ஒரு காட்சி ஒப்புக்கொண்டிருந்தேன். உடம்பு சரியில்லை என்று தந்தி கொடுக்கும்படி சாமிநாதனிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன்.

நான் குடியிருக்கும் சென்னையில் படியை விட்டுக் கிலோவுக்கு வந்து சில வருஷம் ஆகிறது. எங்கள் தெருக் கடையில் படி என்று கேட்டால் பையன்கள் சிரிப்பார்கள். சபாவில் என் வசனத்துக்கு இன்னும் கைதட்டல் விழுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று வண்டியில் யோசித்துக்கொண்டு வந்தேன். நடந்துபோகிறவர்களைத் தாண்டும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன்.

திருவாரூர் விளக்குகள் தெரிந்ததும் கலியபெருமாள் வேகத்தைக் குறைத்தார். ஸ்டேஷன் வாசலில் பெட்டியை இறக்கினார். துண்டின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்.

"ஐயா, நெசமாவே கடைசி வரைக்கும் போடலைங்களா?"

"போடலை."

"எழுதினது நீங்கதானுங்களே. போட வெச்சிருக்கலாமேங்க."

போட்டுவிட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது.