மலை இல்லாத ஊர்

அக்கா கல்யாணம் முடித்து அமெரிக்கா போனதும், கண்டி மஹய்யாவையில் எங்கள் சந்தில் இருந்தவர்கள் அவளை வானத்தைத் தொடும் கட்டடங்களுக்கு நடுவே குடிவைத்துவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை, வருகிற பெருமையை யார் வேண்டாம் என்பார்கள்? உண்மையில் அவள் போய்ச் சேர்ந்தது சோளக்காட்டுக்கு நடுவில் ஒரு சிற்றூர். அத்தான் பேராதனையில் விவசாயம் படித்தவர். அங்கே சோள விதை ஆராய்கிற வேலை. அம்மாவின் பிறந்த ஊர்ப் பக்கம் இருக்கும் கலஹா பஜாரைவிடச் சின்ன ஊர் என்று அக்காவே சொன்னாள்.

எங்கள் வீட்டில் அப்போது தொலைபேசி கிடையாது. சந்து முனையில் இருந்த பலசரக்குக் கடைக்கு ஞாயிறு காலையில் அக்கா கோல் எடுப்பாள். பழைய ரிசீவர் அது, அவள் குரல் கடை முழுக்கக் கேட்கும். கடைக்காரரை நானா என்று கூப்பிடுவோம், முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான். அவர் அம்மாவுக்கு உட்கார ஒரு கதிரையைப் போட்டுவிட்டு, பருப்பு நிறுப்பதுபோல் பாவனை செய்துகொண்டு ஒன்று விடாமல் கேட்பார்.

அந்த வருஷம் அக்காவுக்குத் தலைப்பிரசவம். அம்மாவை அனுப்பக் கொழும்புக்கு அலைந்தோம், விசா கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே கவலைதான்: வலி கண்டால் அக்காவுக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள்? அம்மா கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றைக் காம்பரா அறைகள் வரிசையாக ஒட்டிநிற்கும் கட்டடத்தில், பிறந்தவள். அங்கே ஒருத்திக்கு வலி எடுத்தால், பக்கத்துக் காம்பராப் பெண்கள் கூப்பிடாமலே வந்து அடுப்பை மூட்டிவிடுவார்கள். பெற்றவள் எழுந்து நடமாடும்வரை அந்த வீட்டில் அவர்கள் கைச் சமையல்தான். அப்படி யாராவது அந்த ஊரில் உண்டா என்பதுதான் அம்மாவுக்குத் தெரியவேண்டும். நேராகக் கேட்டால் அக்கா அழுதுவிடுவாள் என்ற பயத்தில், ஊரைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தாள்.

“பக்கத்துல மலை இருக்கா?”

“இல்லம்மா. தட்டையான ஊரு. கண்ணுக்கு எட்டுற வரைக்கும் சோளம்தான்.”

“அப்ப சூரியன் எதுக்குப் பின்னாடி போவும்?”

இப்படி ஞாயிறு ஞாயிறாக அந்த ஊர் எங்களுக்கு வந்து சேர்ந்தது. ஒரே தெரு. தெரு முடிகிற இடத்தில் ரயில் பாதை, பாதையோரம் சோளம் கொட்டிவைக்கும் உயரமான களஞ்சியம், பெருமழைக்கு ஊருக்குள் வந்துவிடும் ஆறு. களஞ்சியத்தை அம்மா ‘ஸ்டோர்’ என்று எடுத்துக்கொண்டாள். தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர். ஒரே சாமிக்கு இரண்டு கோயில் இருக்கிறது, இந்தக் கோயில்காரர் அந்தக் கோயில் படி ஏறமாட்டார் என்று அக்கா சொன்னபோது, அம்மாவுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. “அங்கயும் அப்படித்தானா” என்று மட்டும் கேட்டாள்.

எனக்கு எரிச்சல். வாரம் முழுக்கத் துணிக்கடையில் நின்றுவிட்டு, கிடைக்கிற ஒரு லீவு நாளில் இந்தக் களஞ்சியக் கதைக்கும் நிற்க வேண்டும். “அவ நல்லா இருக்காளான்னு கேட்டுட்டு வைங்களேன்” என்றால், கோழியை விரட்டுவதுபோல் அம்மா கையால் என்னை ஓட்டுவாள்.

ஒரு ஞாயிறு அக்காவின் குரல் களைத்திருந்தது. உளுந்து வடை சுட்டாளாம். எட்டு மாத வயிற்றோடு எதற்கு வடை? மெல்ல மெல்லத்தான் கதை வெளியே வந்தது. பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் வயதான அம்மா ஒருவர், கண்ணாடி ஏனத்தில் ஏதோ சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். ஏனத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை. அக்கா கடலை அவித்து நிரப்பிக் கொடுத்தாள். அந்த அம்மாவுக்கும் அதே வழக்கம் போலிருக்கிறது. ஏனம் மறுபடி நிறைந்து வந்தது. பிறகு யாராலும் அதை நிறுத்த முடியவில்லை, வடைவரை வந்துவிட்டது.

நானா பருப்பை மறந்து வாய்விட்டே சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

“அடுத்த வாட்டி ஏனத்த வெறுமனே குடு.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தேங்காய்ச் சம்பல் வந்த கிண்ணத்தில்கூட ஒரு கரண்டி சீனியாவது போடாமல் கொடுக்காதவள் அம்மா. அக்காவும் பதறினாள். “ஐயோ, மரியாதை இல்லம்மா!”

“மரியாதையெல்லாம் அன்னியத்துக்கு. சொந்தத்துக்கிட்ட கழுவி வெறுமனே குடுக்கலாம். நீ நெரப்பி நெரப்பிக் குடுத்தா அந்தம்மா வாங்கிக்கிட்டு வாசலோட போயிருவாங்க. அப்புறம் எப்ப உள்ள வர்றது?”

அடுத்த வாரம் அக்கா எடுத்த எடுப்பிலேயே அதைத்தான் சொன்னாள். கழுவிய வெறும் ஏனத்தை நீட்டினாளாம். பக்கத்து வீட்டம்மா ஏனத்துக்குள் பார்த்தார், அக்காவின் வயிற்றைப் பார்த்தார், பிறகு காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து குசினியில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்துவிட்டார். பொழுது சாயும்வரை பேச்சு. அவருடைய பூட்டன் கப்பலில் வந்து இறங்கியவர், அந்த நாட்டு மொழி தெரியாதவர். முதல் பனிக்காலத்தை மண்ணைத் தோண்டி அதற்குள் இருந்து கழித்தவர். அப்படி வந்த குடும்பங்களின் பெயர்கள்தான் இன்றும் கடைப் பலகைகளிலும் கல்லறைகளிலும் இருக்கின்றன. புருஷன் இறந்துவிட்டார். மகன்கள் இருவரும் தூர நகரங்களில். நத்தார்ப் பண்டிகைக்கு வருவார்கள், சில வருஷம் வரமாட்டார்கள்.

“அவங்களும் கப்பல்ல வந்தவங்களா?” அம்மா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய பாட்டனும் கடல் தாண்டி வந்து, மன்னார்க் காட்டை நடந்தே கடந்து, கலஹா மலையில் காடு வெட்டியவர். “அப்ப அவங்களுக்குத் தெரியும்” என்றாள். என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை. போனை வைக்கச் சொல்லி அன்று அவளை அவசரப்படுத்தவும் இல்லை.

தை மாதத்தில் அத்தானின் கோல் வந்தது. நானா கடையை அப்படியே போட்டுவிட்டு, அம்மாவைக் கூப்பிட்டபடி சந்துக்குள் ஓடிவந்தார். “அக்கா, பொம்புளப் புள்ள! தாயும் புள்ளையும் சொகமாம், அல்ஹம்துலில்லாஹ்!” அம்மா செருப்பில்லாமல் ஓடினாள். வலி எடுத்தபோது பாதை பனியில் மூடிக்கிடந்ததாம். பக்கத்து வீட்டம்மா மண்வெட்டியோடு வந்து, அத்தானோடு சேர்ந்து பனியை வெட்டிக் காருக்கு வழி எடுத்தாராம். ஆஸ்பத்திரியில் அக்காவின் கையை விடவே இல்லையாம். அம்மா ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் அழுதாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். நானா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, ஏற்கெனவே அடுக்கியிருந்த சவர்க்காரக் கட்டிகளை மறுபடி அடுக்கினார்.

அந்த ஞாயிறு அக்காவுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. மூக்கு யார் மாதிரி, பால் எப்படிக் குடிக்கிறாள், ஊர்ப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு சாப்பாடு கொண்டுவருகிறார்கள். நடுவில், பனியில் நின்றதில் பக்கத்து வீட்டம்மாவுக்கு இருமல் பிடித்துவிட்டது, இரண்டு நாளாகக் காணவில்லை என்றும் சொன்னாள்.

“இருமலா? மருந்து எடுத்தாங்களா? கஞ்சி யாரு வச்சுக் குடுக்குறா?”

“தெரியலம்மா. எனக்குப் புள்ளையோடயே சரியாப் போவுது.”

“மகன்களுக்குச் சொல்லியாச்சா?”

“அம்மா, ஒங்க பேத்தியப் பத்தி ஒன்னும் கேக்க மாட்டீங்களா?” அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கும்தான், பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்க நான் காத்து நின்றேன்.

“பேத்திக்கு ஊரே சோறு கொண்டாருது. அந்தம்மாவுக்கு அங்க யாரு இருக்கா?”

அந்தப் பக்கம் பிள்ளை சிணுங்கியது, அக்கா அதைத் தட்டிக்கொடுப்பது கேட்டது.

“நான் இருக்கேம்மா” என்றாள் அக்கா.

“அப்ப போன வச்சிட்டுப் போ” என்றாள் அம்மா.